காலிப் பீடங்கள்

"கலையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், ஸார்!" என்று என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். நல்ல ரசிகர் அவர், நிறையப் படித்தவர், விமர்சனமும் எழுதுகிறவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குச் சங்கடம். எனக்கும் கூட்டம் முடிந்ததும் கிடைக்கிற காபி நின்று போகும். அவர் சொன்னதைக் கேட்டுச் சபையில் எல்லாரும் கை தட்டினார்கள். வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்ததால் நானும் தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் கோபம் வந்தது. மேடையில் வராத பதிலெல்லாம் படுக்கையில் வருவது எழுத்தாளன் ஜாதகம். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அன்று பேசியது ஒரு கண்காட்சியைப் பற்றி. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1844-இல் ஆரம்பித்த சரித்திர சங்கம் ஒன்று உண்டு. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பொருட்காட்சிசாலை. மாநிலத்துப் பெரிய குடும்பங்களின் வெள்ளிப் பாத்திரங்கள், வேலைப்பாடு மிகுந்த நாற்காலிகள், தாத்தா பாட்டிகளின் தைலவர்ணப் படங்கள் என்று பழம் பெருமையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற இடம். 1992-இல் அந்த நகரத்திலேயே இருந்த இன்னொரு கலை நிறுவனத்தின் முயற்சியால் பிரெட் வில்ஸன் என்ற கறுப்பினக் கலைஞருக்கு அந்தச் சாலையின் கதவு திறந்தது. கிடங்கிலிருந்து மாடி வரைக்கும் உள்ளே இருப்பவற்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். அவர் எடுத்தார், வைத்தார். ஏப்ரலில் திறந்து மறு வருஷம் பிப்ரவரி வரை நடந்தது.

இப்படிப் பொருள்களை ஓரிடத்தில் நிறுத்தி, அந்த இடத்தையே ஒரு கலைப்படைப்பாக ஆக்குவதை 'இன்ஸ்டலேஷன்' என்கிறார்கள். 'நிறுவல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் இன்னும் எனக்கு வாயில் பழகவில்லை. கண்காட்சி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வில்ஸன் அதற்கு வைத்த பெயர் 'மைனிங் தி மியூஸியம்'. பொருட்காட்சிசாலைக்குள் சுரங்கம் தோண்டுவது என்றும் சொல்லலாம். அதற்குக் கண்ணிவெடி வைப்பது என்றும் சொல்லலாம். 'மைன்' என்றால் 'என்னுடையது' என்றும் ஆங்கிலத்தில் பொருள். மூன்றும் அவர் நினைத்தவைதான்.

நான் பால்டிமோருக்குப் போனவனல்ல. புத்தகத்தில் புகைப்படங்களைப் பார்த்தவன். நேரில் பார்த்தவன் போல் பேசுவது எழுத்தாளர்களுக்குக் கைவந்த வித்தை என்றாலும், இந்த விஷயத்தில் அந்த வித்தை வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தென்படுவது ஒரு பரிசுக் கோப்பை. பூகோள உருண்டை மாதிரி. அதன் குறுக்கே 'உண்மை' என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரத் தொழில்காரர்கள், உண்மையான விளம்பரத்துக்கு என்று தமக்குள்ளேயே வழங்கிக்கொண்ட கோப்பை அது. (விளம்பரக்காரர்களுக்கு உண்மைப் பரிசு! நான் கதையில் எழுதியிருந்தால் மிகை என்று பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.) அதற்கு ஒரு பக்கத்தில் மூன்று சலவைக்கல் சிலைகள்: ஹென்றி கிளே, நெப்போலியன், ஆண்ட்ரூ ஜாக்ஸன். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. நெப்போலியனுடைய தம்பி 1803-இல் பால்டிமோர்ப் பெண்ணொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டது உண்டு. அந்தக் கல்யாணத்தையும் நெப்போலியன் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தி வீடு என்று மறுத்தவருக்கு ஊர்க்காரர்கள் விடாமல் பீடம் கொடுத்திருக்கிறார்கள்.

மறு பக்கத்தில் மூன்று கறுப்புப் பீடங்கள். அவற்றின்மேல் ஒன்றுமில்லை. பெயர் மட்டும் இருக்கிறது: ஹாரியட் டப்மன், பெஞ்சமின் பானெக்கர், பிரெடரிக் டக்ளஸ். மூவரும் மேரிலாந்து மண்ணில் பிறந்தவர்கள். மூவரில் ஒருவருக்கும் அந்தச் சங்கத்தின் கிடங்கில் ஒரு தலைச்சிலைகூட இல்லை.

இந்த இடத்தில்தான் என் நண்பர் ஆரம்பித்தார். "சிற்பி செதுக்கவில்லை, சித்திரக்காரன் வரையவில்லை. இருந்ததை இடம் மாற்றி வைத்துவிட்டுச் சீட்டு ஒட்டுவது கலையா? எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முன் பரணைச் சுத்தம் பண்ணும்போது நானும் இதைச் செய்கிறேன்!"

சபை சிரித்தது. நண்பருக்கு நகைச்சுவை உண்டு. ஆனால் பரணைப் பற்றி அவரே எடுத்ததால் நானும் பரணைப் பற்றியே கேட்கிறேன். பரணில் எது போகிறது, கூடத்தில் எது இருக்கிறது என்று முதலில் தீர்மானித்தது யார்? வெள்ளிக் கூஜாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததும் கால் விலங்கைக் கிடங்கில் போட்டதும் ஓர் அடுக்குதானே? வருஷக்கணக்காக அப்படி அடுக்கியிருந்ததைப் பார்த்து எந்த ரசிகராவது, "இது கலையா, அரசியலா?" என்று கேட்டதுண்டா? அடுக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்கிற நினைப்பே வரவில்லை. விலங்கைக் கொண்டுவந்து கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் ஐயையோ, யாரோ எதையோ அடுக்குகிறார்களே என்று எல்லாருக்கும் ரோஷம் வருகிறது.

அந்தக் கூஜாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் பூவும் கொடியுமாய்ப் புடைத்தெழுந்த வேலைப்பாடு கொண்ட வெள்ளிக் கூஜாக்கள், கிண்ணங்கள். அவற்றின் நடுவே இரும்பினால் ஆன அடிமை விலங்கு. பக்கத்தில் சீட்டு: 'உலோக வேலை, 1793-1880'. அவ்வளவுதான். ஐயோ என்றில்லை, அந்தோ என்றில்லை, மானுடமே என்று ஒரு விளி இல்லை. தவறான சொல் ஒன்றாவது உண்டா என்று பாருங்கள்: கூஜாவும் உலோக வேலை, விலங்கும் உலோக வேலை. இன்னோரிடத்தில் 'தச்சு வேலை, 1820-1960' என்று சீட்டு. நாலைந்து அலங்கார நாற்காலிகள், ஒரு சங்கீதக் கச்சேரிக்குப் போட்டது போல. அவை பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மரக் கம்பத்தை. கைகளை விரித்துக் கட்டிக் கசையால் அடிப்பதற்குப் பால்டிமோர்ச் சிறைச்சாலையில் வைத்திருந்த கம்பம் அது. தச்சன் செய்ததுதான்.

கலையில் பிரசாரம் கூடாது என்கிற கட்சியில் நானும் பாதி ஆள். கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் மேடையேறி மூன்று பக்கம் பேசுகிற நாவல்களைப் படித்துப் படித்து எனக்கு உடம்பு புண். நானே அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அது விற்றதும் அதிகம், எனக்குப் பிடித்ததும் குறைவு. ஆனால் அந்த வெள்ளிக் கூஜாப் பெட்டியில் யார் மேடை ஏறினார்? யார் பேசினார்? சீட்டு எழுதியவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பேசுவது நம் மனசு. அதைப் பிரசாரம் என்றால், நம் மனசுக்கு வாயே இருக்கக் கூடாது என்று அர்த்தம்.

வில்ஸன் எல்லா இடத்திலும் அப்படி அடங்கி நின்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி; அதற்குள் குழந்தை படுக்கிற இடத்தில் கூ-க்ளக்ஸ்-க்ளான் கூட்டத்தார் போட்டுக்கொள்ளும் வெள்ளை முகமூடி. கறுப்பின ஆயாக்கள் வண்டியோடு நிற்கிற புகைப்படமும் பக்கத்தில் இருக்கிறது. ஆயா யாரை வளர்த்தாள், அவன் யாராக வளர்ந்தான் என்பது சங்கதி. எனக்கு அது கொஞ்சம் உரக்கக் கேட்கிறது. விலங்கின் அருகே மௌனமாக நின்ற மனிதர் இங்கே முழங்கையால் இடிக்கிறார். இதைச் சொல்லுவதால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒரு பாட்டில் ஒரு சங்கதி அதிகம் என்பதற்காகப் பாட்டையே கூடாது என்று யாரும் சொல்லுவதில்லை.

படங்களுக்கு வருகிறேன். பழைய குடும்பச் சித்திரங்களில் நடுவில் எஜமானரும் எஜமானியும் பட்டும் சரிகையுமாய் இருப்பார்கள். ஓரத்தில், இருட்டோடு இருட்டாக, ஒரு கறுப்புச் சிறுவன் தட்டு ஏந்தி நிற்பான். வில்ஸன் செய்தது இது: நாம் கிட்டே போனதும் அந்த ஓரத்துச் சிறுவன்மேல் விளக்கு விழுகிறது, ஒரு குழந்தைக் குரல், தனக்குத் தலை வாரி விடுவது யார், தான் பயந்தால் தேற்றுவது யார் என்கிற விதமாகக் கேட்கிறது. பழத்தட்டோடு ஒரு சிறுவன் நிற்கிற படம் ஒன்றுக்குச் சங்கம் வைத்திருந்த பெயர் 'கிராம வாழ்க்கை'. வில்ஸன் பக்கத்தில் வேறு பெயர் ஒட்டினார்: 'பிரெடரிக் பழம் பரிமாறுகிறான்'. பண்ணை வயலில் சிறு சிறு உருவங்கள் வேலை செய்கிற ஒரு காட்சிப் படத்துக்கு, அந்தப் பண்ணையின் சொத்துக் கணக்கிலிருந்தே அடிமைகளின் பெயர்களைத் தேடி எடுத்தார்.

இதைப் படித்த இரவு எனக்கு ஒரு பழைய கடிதம் ஞாபகம் வந்தது. என் நாவலொன்றில் ஒரு வீட்டு வேலைக்காரி வருகிறாள். விளக்கேற்றுகிறாள், குழந்தையைத் தூங்கப் பண்ணுகிறாள், கதாநாயகி அழும்போது கதவோரம் நின்று தானும் அழுகிறாள். நானூறு பக்கம். வாசகி ஒருத்தி எழுதியிருந்தாள்: "கதை நன்றாக இருந்தது. அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் என்ன?" நான் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பெயர் இல்லை. நான் வைக்கவே இல்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வீட்டில் வளர்ந்த நாய்க்கு மட்டும் பெயர் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பால்டிமோர்ச் சங்கத்தார் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நான் நினைக்காததற்கு இது ஒரு காரணம். பொல்லாத்தனம் இல்லாமலே இதைச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

இனிப் பள்ளிக்கூட பெஞ்சு.

1818-இல் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், எட்டு வயசு வாக்கில் பால்டிமோரில் ஹ்யூ ஆல்ட் என்பவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்த வீட்டு அம்மாள் ஸோபியா, அடிமை வைத்துப் பழக்கமில்லாதவள். பையனை உட்கார வைத்து அகரவரிசையும் சின்னச் சின்ன வார்த்தைகளும் சொல்லிக் கொடுத்தாள். புருஷனுக்குத் தெரிந்தது. படிப்புச் சொல்லிக் கொடுத்தால் அவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று மனைவியைக் கண்டித்து நிறுத்தினார். பையன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எஜமானர் தன்னை அறியாமலே நடத்திய பாடம் அதுதான் என்று பிற்பாடு டக்ளஸ் எழுதினார். எதற்கு எஜமானர் அஞ்சுகிறாரோ அதுவே தன் வழி என்று அவனுக்குத் தெரிந்து போயிற்று.

தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மேரிலாந்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை. ஹ்யூ ஆல்ட் இருக்கும்போது சட்டம் எதற்கு?

பையன் தெருவுக்குப் போனான். வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. தெருவிலே ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வயிறு நிறையவில்லை. ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்கினான். கப்பல் பட்டறையில் தச்சர்கள் ஒவ்வொரு மரத்துண்டிலும், அது கப்பலின் இடப்பக்கத்துக்கா வலப்பக்கத்துக்கா என்று தெரிய ஓரெழுத்து எழுதி வைப்பார்கள். அந்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். ஆல்ட் வீட்டுப் பிள்ளை எழுதித் தீர்த்துவிட்டு மூலையில் போட்ட காப்பி நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவற்றை எடுத்து, வரிகளுக்கு இடையே மிச்சமிருந்த வெற்றிடத்தில் அதே எழுத்துக்களை எழுதிப் பார்த்தான். 1838-இல் தப்பி ஓடினான். 1845-இல் தன் சரித்திரத்தைத் தானே எழுதி வெளியிட்டான். சங்கம் பிறந்ததற்கு அடுத்த வருஷம்! மேரிலாந்தின் சரித்திரத்தைச் சேகரிக்கிறோம் என்று ஒரு சபை கூடிய சூட்டோடு, மேரிலாந்தின் அடிமையொருவன் எழுதிய சரித்திரமும் அச்சாகிவிட்டது. மாநிலத்தில் அடிமைத்தனம் ஒழிந்தது 1864 நவம்பரில். இருபது வருஷம் சங்கமும் அடிமைத்தனமும் ஒரே ஊரில் குடியிருந்தன.

ஆகவே, கலைக்கும் கல்விக்கும் என்ன உறவு என்று கேட்கிற நண்பரே, இந்தக் கண்காட்சி யாருடைய கதையைச் சொல்லுகிறதோ அவர்களுக்கு எழுத்துப் படிப்பது பொழுதுபோக்கல்ல, சர்க்கஸ்காரன் கம்பிமேல் நடப்பது. ஹாரியட் டப்மனைப் பாருங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1849-இல் தப்பியவர், திரும்பத் திரும்ப அதே மேரிலாந்துக்குள் சுமார் பதின்மூன்று தடவை நுழைந்து, எழுபது பேர் வாக்கில் அழைத்துக்கொண்டு வெளியேறினார். எழுத்தறியாதவர் தம்மைப் பற்றிக் காகிதம் விட்டுப் போக முடியாது. காகிதத்தையும் சாமானையும் சேகரிக்கிற சங்கத்தில் அவருடைய பீடம் காலியாக இருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

எழுதத் தெரிந்தவர் கதியும் கேளுங்கள். பெஞ்சமின் பானெக்கர் அடிமையல்ல. 1731-இல் சுதந்திரமாகப் பிறந்தவர். பால்டிமோருக்கு வெளியே புகையிலை பயிரிட்டவர். வாலிபத்தில் மரத்தினாலேயே ஒரு கடிகாரத்தைச் செய்து ஓட விட்டார். ஐம்பது வயசுக்கு மேல் இரவல் புத்தகங்களையும் கருவிகளையும் வைத்துக்கொண்டு வானசாஸ்திரம் கற்றார். தலைநகரமான வாஷிங்டனுக்கு எல்லை அளந்தபோது 1791-இல் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கிரகணங்களைக் கணித்துப் பஞ்சாங்கம் போட்டார். அதன் கையெழுத்துப் பிரதியை, சுதந்திரப் பிரகடனம் எழுதிய ஜெபர்ஸனுக்கே அனுப்பி, எல்லாரும் சமமாய்ப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கை அடிமைகளை வைத்துக்கொண்டிருப்பது எப்படி என்று மரியாதை குறையாமல் கேட்டார். ஜெபர்ஸன் பதினோரு நாளில் மரியாதையாகப் பதில் எழுதினார். அடிமைகளை வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பானெக்கர் 1806-இல் காலமானார். அவரை அடக்கம் செய்த அன்றே அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. முன்னாலேயே வெளியே கொடுத்தனுப்பியிருந்த சில காகிதங்கள் தப்பின. அவற்றில் அவருடைய வானசாஸ்திரக் குறிப்புப் புத்தகம் ஒன்று. அது எங்கே இருந்தது தெரியுமா? அதே பால்டிமோர்ச் சங்கத்தின் கையில்! நெப்போலியனுக்குச் சலவைக்கல்லும் சந்தனக் காப்பும். கையெழுத்துப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு, எழுதியவருக்கு ஒரு பீடம் இல்லை. வில்ஸன் அந்தப் புத்தகத்தை எடுத்துத் தம்முடைய கண்காட்சியில், ஜனங்கள் கண்ணில் படும்படி வைத்தார். கிடங்கில் வெறும் விலங்கும் சவுக்குக் கம்பமும்தான் கிடைத்தன என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். நட்சத்திரங்களும் அங்கேதான் கிடந்தன.

"அதெல்லாம் பழங்கதை" என்றார் கூட்டத்தில் இன்னொருவர். அவர் நண்பரல்ல, தெரிந்தவர். ஆகவே கொஞ்சம் தாராளமாகவே பதில் சொல்லலாம்.

பழங்கதை எந்த வருஷத்தோடு முடிகிறது, ஐயா? பால்டிமோரில் பிறந்த தர்குட் மார்ஷல் சட்டம் படிக்க விரும்பியபோது, அவர் ஊரிலேயே இருந்த மேரிலாந்து சர்வகலாசாலைச் சட்டக் கல்லூரி கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை. வாஷிங்டனில் ஹோவர்டுக்குப் போய்ப் படித்து 1933-இல் வெளியே வந்தார். அதே சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட டொனால்ட் மர்ரே என்ற கறுப்பின மாணவருக்காகத் தம் குருவோடு சேர்ந்து வழக்காடி 1935-இல் ஜயித்தார். மறு வருஷம் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அங்கே ஆரம்பித்த நடை 1954-இல் உச்ச நீதிமன்றத்தில், நிறத்தைக் கொண்டு பள்ளிக்கூடங்களைப் பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பு வரை போயிற்று. பிரெட் வில்ஸன் பிறந்த வருஷம் அது. தீர்ப்பும் அவரும் ஒரே வயசு.

இன்னும் கிட்டே வருவோம். 2023-இல் புளோரிடா மாநிலக் கல்வி வாரியம் ஒரு பாடத்திட்டத்தை ஒப்புக்கொண்டது. அடிமைகள் கற்றுக்கொண்ட தொழில்கள் சில சமயங்களில் அவர்களுடைய சொந்த நன்மைக்கே பயன்பட்டன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டுமாம். 'உலோக வேலை', 'தச்சு வேலை' என்று வில்ஸன் கேலியாக எழுதிய சீட்டை, முப்பது வருஷம் கழித்து ஒரு கல்வி வாரியம் கேலி இல்லாமல் எழுதிற்று! 2025 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்ட ஓர் ஆணை, தேசிய மியூஸியங்களில் அமெரிக்காவைத் தாழ்த்திக் காட்டுகிற விஷயங்கள் கூடாது என்கிறது. கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்றே வாஷிங்டனில் 2016-இல் திறந்த மியூஸியத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த ஆணையின் தலைப்பில் முதலில் நிற்கிற பெரிய வார்த்தை என்ன? அமெரிக்கச் சரித்திரத்துக்கு 'உண்மையை' மீட்டுத் தருவதாம். விளம்பரக்காரர்களின் கோப்பையை யாரோ கிடங்கிலிருந்து மறுபடி எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மியூஸியம் பாடம் நடத்துகிற இடம் என்பதில் அந்த ஆணை எழுதியவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஹ்யூ ஆல்டுக்கும் படிப்பின் சக்தியில் சந்தேகம் இருந்ததில்லை. கலை வேறு, கல்வி வேறு என்று கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் போன்ற ரசிகர்கள்தாம். தூய கலை என்று நாம் கண்ணை மூடி ரசிக்கிற அந்தப் பழைய அடுக்கு, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்து காட்டிய பாடம் அல்லவா? அந்த வாத்தியார் அவ்வளவு வருஷம் பாடம் எடுத்தபோது யாரும், "பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று எழுந்து நிற்கவில்லை. வாத்தியார் மாறியதும் பெஞ்சு குத்துகிறது.

"சரி, காலிப் பீடத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? சிலையை வைத்துவிட்டால் தீர்ந்ததே!" என்று யாராவது சொல்லலாம். வைத்துவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் பால்டிமோர் நகரம் அடிமை மாநிலங்களின் பக்கம் போரிட்ட தளபதிகளுடைய சிலைகளை ராத்திரியோடு ராத்திரியாக அகற்றியது. கறுப்பர் இந்த நாட்டுப் பிரஜையாகவே முடியாது என்று 1857-இல் தீர்ப்பெழுதிய மேரிலாந்துக்காரர் டானியின் சிலையும் போயிற்று. பீடங்கள் காலியாகின, இந்தத் தடவை மறு பக்கத்துப் பீடங்கள். 2020 பிப்ரவரியில் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் டப்மனுக்கும் டக்ளஸுக்கும் வெண்கலச் சிலை திறந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் சிலை வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது: மாலை போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். காலிப் பீடத்துக்கு மாலை போட முடியாது. அதன்முன் நின்று, இங்கே ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. சங்கத்தார் அந்தக் கேள்வியைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே, தங்கள் செலவில் கேட்க விட்டார்களே, அந்தப் பெருந்தன்மையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனை சங்கம் விடும்?

வில்ஸன் மாணவராக இருந்த காலத்தில் ஒரு கலைக்கூடத்தில் காவலாளி வேலை பார்த்தவர். பிற்பாடு பேர் வாங்கின பிறகு, நியூயார்க்கில் ஒரு பெரிய கலைக்கூடத்தின் வழிகாட்டிகளுக்குக் கண்காட்சியைச் சுற்றிக் காட்ட அவரை அழைத்திருந்தார்கள். முதலில் அவர்களோடு கை குலுக்கிப் பேசிவிட்டு, "மேலே வாருங்கள், இன்ன இடத்தில் சந்திப்போம்" என்று சொல்லிப் போனார். போய்க் காவலாளிச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார். வழிகாட்டிகள் வந்தார்கள், தேடினார்கள், அவரைக் கடந்து இப்படியும் அப்படியும் நடந்தார்கள். சற்று முன் கை குலுக்கிய மனிதரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கலையைப் பார்க்கவே பயிற்சி பெற்றவர்கள். பிறருக்குப் பார்க்கக் கற்றுக் கொடுப்பவர்கள்! 1991-இல் அவர் தலையில்லாத நாலு கறுப்புப் பொம்மைகளுக்கு நியூயார்க்கின் நாலு கலைக்கூடங்களுடைய காவலாளி உடைகளைப் போட்டு நிறுத்தினார். தலை எதற்கு? உடையைத்தானே பார்க்கிறோம்.

என் நண்பர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். நான் எழுதுவதையெல்லாம், திட்டுவதற்காகவாவது, விடாமல் படிக்கிறவர். அடுத்த மாதக் கூட்டத்தில் 'தூய கலை' என்ற தலைப்பில் அவர் ஒரு மணி நேரம் பேசப் போகிறார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். இடையில் எழுந்து குறுக்கிட மாட்டேன். அந்தப் புகைப்படப் புத்தகத்தை அன்று கூட்டம் முடிந்ததும் என்னிடமிருந்து இரவல் வாங்கிப் போனவரும் அவர்தான். வெள்ளிக் கூஜாப் படம் உள்ள பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறேன். அது தொலைந்தால் பாதகமில்லை, புத்தகத்தை மட்டும் மறக்காமல் கொண்டு வரட்டும்.